முதலிடம்

நவம்பர் 9
ஓசு என்னும் தாள விளையாட்டுக்காக நான் நடத்தும் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதால் காலை முதல் ஒருவராலும் உள்ளே வர முடியவில்லை. 90 நாளுக்குள் தானாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டியது. நான் கவனித்திருக்க வேண்டும்.

நவம்பர் 12
விசிறி இரைச்சலிட்டதால் கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். திருகுகளின் தலையில் துரு பொரிந்து நிற்கிறது. ராம் பட்டையின் பொன்னிறப் பற்களில் பச்சை படிந்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்துத் துடைத்தேன். மண்டபம் ஊரில், கடலுக்கு இவ்வளவு அருகில், இரும்பு என்று எதுவும் நிலைப்பதில்லை.

நவம்பர் 13
படகேறிப் போனவனின் காவலை மீண்டும் நீட்டித்துவிட்டார்களாம். அவன் அம்மா வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார்.

நவம்பர் 16
அவனுடைய முதலிடத்தை ஒருவர் தாண்டிவிட்டார். கணக்குத் தொடங்கி 3 நாள்தான் ஆகிறது. ரீப்ளேயை இறக்கி நள்ளிரவுவரை ஆராய்ந்தேன். ஓசுவில் அடிகளைக் கணிப்பது ஆடுபவரின் கணினியே. பாட்டு முடிந்தபின் மதிப்பெண்ணும் ரீப்ளேயும்தான் சர்வருக்கு வருகின்றன என்பதால், வந்ததை அப்படியே நம்புபவர் சர்வர் நடத்தக் கூடாது. ரீப்ளே என்பது காணொளி அன்று. சுட்டி சென்ற வழியும் விசை அழுந்திய நேரமும் மட்டுமே அதில் இருக்கின்றன. அந்த மேப்பின், அதாவது பாட்டுக்கு அமைத்த அடிவரிசையின், ஓ.டி. என்னும் நேரக் கண்டிப்பு 8. ஓர் அடிக்கு உச்ச மதிப்பெண்ணான 300 பெற, தாளத்துக்கு முன்னும் பின்னும் ஏறத்தாழ 32 மில்லிநொடிக்குள் தட்ட வேண்டும். நிரல் தட்டியிருந்தால் விசை அழுந்தியிருக்கும் நேரம் பெரும்பாலும் அடிக்கு அடி ஒன்றுபோல் இருக்கும். இங்கோ ஓர் அடியில் 60, அடுத்ததில் 85. அன்ஸ்டேபிள் ரேட் 104, அதாவது நேரப் பிழைகளின் திட்டவிலக்கம் 10.4 மில்லிநொடி. கடைசி ஸ்ட்ரீமில், அதாவது அடுத்தடுத்து வேகமாக வரும் அடிகளில், விரல் தளர்ந்து அடிகள் பிந்துகின்றன. இது மனிதக் கைதான். ஒரு குற்றமாவது அகப்படாதா என்றுதான் நான் தேடினேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

நவம்பர் 17
மதிப்பெண்ணை நீக்கவில்லை.
அவன் ரீப்ளேயையும் ஓட்டிப் பார்த்தேன். எப்போதும்போல் தாளத்துக்குச் சற்று முந்தியே தட்டுகிறான். ஸ்பின்னருக்கு முன் சுட்டி நடுவில் ஒரு கணம் நின்று, பிறகு சுழல்கிறது. ஒரே ஒரு மிஸ். வந்து அதைத் திருத்துவதாகச் சொல்லிவிட்டுத்தான் படகேறினான்.

நவம்பர் 19
பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். மாலையிலிருந்து மின்சாரம் வருவதும் போவதுமாக இருக்கிறது. யுபிஎஸ் 20 நிமிடம்தான் தாங்கும். மதிப்பெண் பதிவாகும் நேரத்தில் மின்சாரம் அறுந்தால் தரவுத்தளம் கெட்டுவிடுமோ என்று அஞ்சி, ஆடிக்கொண்டிருந்த 6 பேருக்கும் செய்தி அனுப்பி, அவர்கள் முடிக்கும்வரை காத்திருந்து நானே நிறுத்தினேன்.

நவம்பர் 20
மின்சாரம் இல்லை.

நவம்பர் 22
விடியற்காலை 5 மணிக்கு சர்வர் எழுந்தது. ஒரு பதிவும் அழியவில்லை. அவன் இரண்டாம் இடத்தில் இருக்கிறான். கடைசி வருகை 58 நாளுக்கு முன்பு என்று காட்டுகிறது. இரண்டாம் இடத்திலிருப்பவர் கடைசி ஸ்ட்ரீமை எப்படித் தளராமல் அடித்தார், அவரிடமே கேட்க முடியுமா என்று அந்தப் புதியவர் எழுதியிருக்கிறார். பதில் இன்னும் எழுதவில்லை. விசிறி மீண்டும் இரைகிறது.