தடைக்காலத்தில் ஒரு சினைப் பூனை

மண்டபம் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் மருத்துவராக இருக்கிறேன். ஊரில் யாரும் மருந்தகம் என்று சொல்வதில்லை, மாட்டாஸ்பத்திரிதான். வருவதில் பாதிக்கு மேல் வெள்ளாடு. குட்டி குறுக்கே மாட்டிக்கொண்டது என்று ராத்திரி பத்து மணிக்குக்கூட ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார்கள். கையை விட்டுத் திருப்பிப் பார்ப்பேன். முடியாவிட்டால் வயிற்றைத் திறந்து எடுப்பேன். ஈரத்தோடு கிடக்கும் குட்டியின் மூக்கைத் துடைத்து, வைக்கோலால் உடம்பைத் தேய்த்துவிட்டால், ஒரு தும்மல் போடும். அந்தத் தும்மலுக்காகவே இந்த வேலை எனக்குப் பிடிக்கும். வயிற்றில் இருப்பதை உயிரோடு வெளியே கொண்டுவருவதுதான் என் கைக்குப் பழக்கமான வேலை. அதே கையால் சினைப் பூனைகளுக்குக் கருத்தடை செய்கிறேன். அது எனக்கு எளிதாக வந்துவிடவில்லை.

படகுத்துறையில் பூனைகள் பெருகுவதற்குக் காரணம் சங்காயம்தான். விசைப்படகின் மடிவலையில் பெரிய மீனோடு சேர்ந்து வரும் பொடி மீன், கோழித் தீவனத்துக்குப் போகிற கழிசல். அதில் சிந்துவதைத் தின்றே ஒரு பூனைக் கூட்டம் வாழ்ந்துவிடும். ஏப்ரல் 15 வந்ததும் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகுகள் போய்வந்தாலும் சங்காயக் குவியல் இருக்காது. முதல் வாரம் தெரியாது. மூன்றாவது வாரத்தில் பூனைகளின் முதுகெலும்பு தெரிய ஆரம்பிக்கும்.

ஆனாலும் சினை பிடிப்பது நிற்காது. பகல் பொழுதின் நீளம் பெரிதாக மாறாத நம் ஊரில் பெண் பூனை வருடம் முழுக்கப் பருவத்துக்கு வரும். இணை சேர்ந்த பிறகுதான் அதற்குக் கருமுட்டையே வெளிவரும், அதனால் சேர்க்கை பெரும்பாலும் வீணாவதில்லை. ஒரே ஈற்றில் இரண்டு மூன்று கடுவன்களின் குட்டிகள் இருப்பதும் உண்டு. ஒன்பது வாரத்தில் ஈன்றுவிடும். குட்டிகள் பால் குடிக்கும்போதே மறுபடி சினையாகவும் செய்யும். ஐந்து மாதக் குட்டியே சினையாக வந்து பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் உதவியாளர் அண்ணனும் நானும் கல்லூரிப் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து துறைப் பூனைகளைக் கூண்டு வைத்துப் பிடித்துக் கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விட ஆரம்பித்தோம். முதல் வருடம் மே நடுவில் ஒரு சாம்பல் பூனை. மயக்கம் கொடுத்து மேசையில் படுக்கவைத்து அடிவயிற்றைத் தொட்டேன். விரல்களுக்கு அடியில் உருண்டை உருண்டையாக நழுவின. எனக்கு மனசு வரவில்லை. "ஈனட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று தெளியவைத்து விட்டுவிட்டேன். இரக்கம் என்றுதான் அன்று நினைத்தேன்.

அது ஈன்றது ஒரு விசைப்படகின் வலைக் குவியலுக்குள். தடைக்காலம் முடியும் நாளன்று வலையை ஏற்றுவதற்கு இழுத்தபோது மூன்று குட்டிகள் விழுந்தன. இரண்டு ஏற்கெனவே செத்திருந்தன. மூன்றாவதை ஒரு பையன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். தாய்க்குச் சரியான தீனி இல்லை, குட்டிக்குப் பால் இருந்திருக்காது. விலா எலும்பை எண்ணலாம். சொட்டு சொட்டாகப் பால் புகட்டி, இரண்டு நாள் வைத்திருந்தேன். தங்கவில்லை. சாம்பல் பூனை நான்கு நாள் துறையில் படகு படகாக ஏறி இறங்கிக் கத்திக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்துக்கு நான்தான் காரணம் என்று இன்றும் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு சினையாக வந்தால் நிறுத்துவதில்லை என்று முடிவு செய்தேன். செய்வேன், ஆனால் யாரிடமும் சொல்லமாட்டேன். ஒரு டீக்கடைக்காரர் தான் சோறு வைக்கும் பூனையைப் பிடித்துக் கொடுத்தார். "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது அண்ணே" என்று கூண்டைத் திருப்பிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து டீ குடிக்கப் போனபோது, "குட்டி எப்ப போடும் டாக்டரம்மா? பெட்டி ஒண்ணு ஒதுக்கி வச்சிருக்கேன்" என்றார். பெட்டிக்குள் பழைய கைலியை மடித்துப் போட்டிருந்தார். நான் பாதி டீயோடு எழுந்து வந்துவிட்டேன். இப்போதும் அந்தக் கடை வழியாகப் போனால் வண்டியை வேகமாக ஓட்டுகிறேன்.

சென்ற மே மாதம் வந்தது மூணுகலரு. வெள்ளை, கறுப்பு, செம்பழுப்பு மூன்றும் சேர்ந்த பூனை என்றால் அநேகமாகப் பெண்தான். ஏலக்கூடத்துக்குப் பின்னால் கருவாடு காயப்போடும் ஒரு ஆத்தாதான் அந்தப் பெயர் வைத்தவர். நெத்திலியும் காரலும் பரப்பிய களத்தில் காக்காய் விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் காலடி நிழலில் அது படுத்திருக்கும். வேறு யாராவது பத்தடி தூரத்தில் வந்தாலே கவிழ்த்துவைத்த வள்ளத்துக்கு அடியில் ஓடிவிடும்.

கடலோரத்துப் பூனையை மீன் வைத்துப் பிடித்துவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கூண்டில் சூடை மீன் வைத்தேன், மோந்துகூடப் பார்க்கவில்லை. நாட்டுப்படகுக்காரர்கள் அதே மீனைத்தான் தூக்கிப் போடுகிறார்கள். கோழி ஈரலை வதக்கி வைத்தேன். தலையை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்துவிட்டு, மிதிபலகைக்கு ஒரு சாண் முன்னாலேயே திரும்பிவிட்டது. ஒரு தம்பி தங்கூசி வலையை வீசிப் பிடித்துத் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். நரம்பு வலையில் சிக்கிய பூனை திமிறத் திமிற நூல் கழுத்திலும் காலிலும் இறங்கிவிடும், சினைப் பூனைக்கு அதைச் செய்யவே கூடாது. நாலு நாள் விடிகாலையும் அந்தியும் போய் வந்தோம். நடுப்பகலில் கூண்டு வைப்பதில்லை. மே மாத வெயிலில் கம்பிக் கூண்டுக்குள் மாட்டிய பூனை கொஞ்ச நேரத்திலேயே சூடு தாங்காமல் செத்துப்போகும்.

ஒரே வழிதான் பாக்கி. ஆத்தா கூப்பிட்டால் அது வரும்.

போய்க் கேட்டேன். "கூப்புட்டா வரும். ஆனா அது புள்ளத்தாச்சியால்ல இருக்கு தாயி. வவுத்துல இருக்கறத என்ன செய்வீக?" என்றார்.

பாத்துக்கலாம் ஆத்தா என்று சொல்ல வாய் வந்தது. டீக்கடைப் பெட்டியும் மடித்த கைலியும் கண் முன்னால் நின்றன. களத்து மணலிலேயே உட்கார்ந்து முழுசாகச் சொன்னேன். கருப்பையை அப்படியே எடுத்துவிடுவேன், குட்டிகள் பிழைக்காது. பூனை மயக்கத்தில் இருக்கும்போது அதன் ரத்தம் வழியாகக் குட்டிகளுக்கும் மயக்கம் போகும், அவை விழிக்காமலே அடங்கிவிடும். கருப்பையை நான் திறக்கமாட்டேன். இதெல்லாம் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சாம்பல் பூனை கதையையும் சொன்னேன். வலைக் குவியல், சட்டைப் பை, நாலு நாள் கத்தல், எல்லாம்.

ஆத்தா வெகுநேரம் பேசவில்லை. காக்காய் ஒன்று நெத்திலியைக் கொத்திக்கொண்டு போனது, விரட்டவும் இல்லை. அப்புறம், "சூலியத் தொட்டா பாவம்னு எங்க அம்மா சொல்லும்" என்றார். கொஞ்சம் கழித்து, "போன வருசம் இது போட்டது அஞ்சு. ஒண்ணும் தேறல. நாந்தான் அள்ளிப் போட்டேன்" என்றார்.

சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் கூண்டைக் கொண்டுபோனபோது தன் பழைய சேலையைக் கூண்டின் அடியில் விரித்தார். அதன் கடைசியில் உட்கார்ந்து கம்பிக்கு வெளியே இருந்து ஈரலைக் காட்டி, நாக்கை அண்ணத்தில் ஒட்டி "ந்த்தா, ந்த்தா" என்று கூப்பிட்டார். மூணுகலரு நேராக உள்ளே நடந்து போனது. கதவு விழுந்த சத்தத்துக்கு ஆத்தாவின் தோள்தான் முதலில் குலுங்கியது. பூனை கம்பியில் மோதிச் சுழன்றது. சேலையின் மறுபாதியை இழுத்துக் கூண்டின் மேல் மூடினோம். இருட்டானதும் அடங்கிவிட்டது. எவ்வளவு முரட்டுப் பூனையானாலும் மூடிவிட்டால் அடங்கும். புதிதாகப் பிடிக்கிறவர்கள் வேடிக்கை பார்க்க மூடாமல் வைப்பார்கள், அது மூக்கைக் கம்பியில் இடித்துக் கிழித்துக்கொள்ளும்.

எடை தெரியாமல் மயக்க மருந்து அளக்க முடியாது. ஏலக்கூடத்து எலக்ட்ரானிக் தராசில் கூண்டோடு நிறுத்தி, கூண்டின் எடையைக் கழித்தோம். 3 கிலோ 200 கிராம். அதில் குட்டிகளின் எடையும் சேர்த்தி என்பதை மனசில் வைத்துக்கொண்டு மருந்தைக் கணக்குப் போட்டேன். மறுநாள் காலை, பலகையால் மெல்ல ஓரத்துக்கு நெருக்கி, கம்பி வழியாகத் தொடையில் ஜைலசினும் கெட்டமினும் போட்டேன். ஏழெட்டு நிமிடத்தில் தலை சாய்ந்தது. கெட்டமினில் பூனை கண்ணை மூடாது. திறந்தபடியே இருக்கும் கண் காய்ந்துவிடாமல் களிம்பு தடவ வேண்டும். அந்தப் பார்வை நம்மைப் பார்ப்பதுபோலவே இருக்கும். எத்தனை வருடம் ஆனாலும் எனக்கு அது பழகவில்லை.

சினை வயிற்றில் எல்லாமே ரத்தம் ஏறிப் பருத்திருக்கும். சாதாரணப் பூனையில் நூல்போல இருக்கும் கருப்பைக் கொம்புகள் இரண்டும் இங்கே சின்ன எலுமிச்சம்பழங்களைக் கோத்த சரம்போல இருந்தன. இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் மூன்று. ஐந்து வாரம் இருக்கலாம். அவசரப்பட்டு இழுத்தால் சினைப்பையின் காம்பு அறுந்து உள்ளே ரத்தம் கொட்டும், பிறகு பூனையையும் சேர்த்து இழக்க வேண்டியதுதான். இரண்டு பக்கமும் இரட்டைக் கட்டு போட்டேன். அண்ணன் விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். யாரும் பேசவில்லை. கடைசிக் கட்டையும் போட்டு வெட்டி எடுத்துத் தட்டில் வைத்தபோது அது வெதுவெதுப்பாக இருந்தது. ஆட்டுக் குட்டியை எடுத்ததும் மூக்கைத் துடைக்கப் பழகிய கை ஒரு நொடி அந்தத் தட்டின் பக்கம் போய்விட்டுத் திரும்பியது.

தையலைத் தோலுக்கு அடியில் கரையும் நூலால் போட்டேன். பிரிப்பதற்கு இந்தப் பூனையை இன்னொரு முறை பிடிக்க முடியாது. இழந்த நீருக்கு வெதுவெதுப்பான சலைன் நீரைத் தோலுக்கு அடியில் ஏற்றினோம். வலி ஊசி, வெறிநோய்த் தடுப்பூசி. அப்புறம் இடது காதின் நுனியை நேர்க்கோடாக ஒரு சென்டிமீட்டர் வெட்டினேன். கடுவன் சண்டையில் கிழிந்த காது கோணல்மாணலாக இருக்கும், இது நேராக இருந்தால்தான் தூரத்திலிருந்து பார்த்தே கருத்தடை ஆனது என்று தெரியும், மறுபடி பிடித்து மயக்க வேண்டியிருக்காது. வெளியே சுட்டெரிக்கும் வெயில். ஆனாலும் மயக்கத்தில் பூனையின் உடம்பு சில்லிட்டுப்போகும். வெந்நீர் பாட்டில்களைத் துணியில் சுற்றி இரண்டு பக்கமும் வைத்தோம்.

ஆத்தா வாசலில் உட்கார்ந்திருந்தார். "எத்தன?" என்றார். ஐந்து என்றேன். மருந்தகத்துக்குப் பின்னால் பூவரச மரத்தடியில் அண்ணன் ஆழமாகக் குழி வெட்டியிருந்தார். துணியில் சுற்றியதை நான் வைத்தேன். ஆத்தா ஒரு கை மண் எடுத்துப் போட்டுவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பேசாமல் களத்துக்குப் போய்விட்டார்.

இரண்டு ராத்திரி கூண்டிலேயே வைத்திருந்தோம். மூன்றாம் நாள் விடிகாலை அதே இடத்தில் கதவைத் தூக்கினேன். மூணுகலரு கொஞ்சம் நின்று காற்றை மோந்தது. பிறகு தாழ்ந்து ஓடி வள்ளத்துக்கு அடியில் மறைந்தது. ஆத்தா கூப்பிட்டார், வரவில்லை. ஒன்பது நாள் அவரிடம் வரவே இல்லையாம். அந்த ஒன்பது நாளும் வள்ளத்துப் பக்கம் சோற்றை வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். இதை எனக்கு அவர் போன் போட்டுச் சொல்லவில்லை, அண்ணன் பார்த்துவிட்டு வந்து சொன்னார். பத்தாம் நாள் வந்து காலடியில் படுத்ததாம்.

ஜூன் கடைசியில் நான் போனபோது துறை முழுக்க மீன் வாடை. மூணுகலரு முதுகில் சதை பிடித்திருந்தது. செய்தது சரியா ஆத்தா என்று கேட்க நினைத்துக் கேட்காமல் நின்றேன். அவரே பேசினார். "அந்த வெள்ளச்சிப் பூனைக்கும் அடுத்த கோடைக்குள்ள வவுறு வச்சிரும். வவுறு வச்ச பெறகு வந்து நிக்காதீக தாயி. வெள்ளனத்துல வாங்க. என்னய இன்னொருக்க கூப்புட வைக்காதீக."

அதனால் இந்த வருடம் தை பிறந்ததுமே கூண்டோடு போக ஆரம்பித்தோம். வாடைக் காற்று நேரம், துறையில் மீனுக்குக் குறைவில்லை, பூனைகளுக்குப் பசியும் இல்லை. நான்கு மாதக் குட்டிகள் இரண்டும் ஒரு கடுவனும் மாட்டின. வெள்ளச்சி கூண்டுக்கு எதிரே வந்து உட்காரும். ஈரலைப் பார்க்கும், என்னைப் பார்க்கும், எழுந்து போய்விடும். ஆத்தா பார்த்துக்கொண்டே இருப்பார், வாயைத் திறக்கமாட்டார். நாளைக்கும் நான்கரை மணிக்குப் போகிறோம்.