ஆற்றுக்குப் போன கோல் கம்பம்

மஞ்சள் கோல் கம்பத்தைத் தோளில் சுமந்துகொண்டு ஒரு கூட்டமே நடுரோட்டில் போகிறது.

காலையில் பஸ்ஸில் அந்தப் பழைய வீடியோ கண்ணில் பட்டது. இறங்கும்வரை அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

2024 அக்டோபர் 5, சனிக்கிழமை, அமெரிக்காவின் நாஷ்வில் நகரம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் அன்றைக்கு நம்பர் ஒன் அலபாமா பல்கலைக்கழக அணி. அவர்களை 40-35 என்று சாய்த்தது உள்ளூர்ப் பல்கலைக்கழகமான வாண்டர்பில்ட். அலபாமாவை அவர்கள் ஜெயித்தது 1984க்குப் பிறகு அன்றைக்குத்தான்.

மைதானத்தில் பிடுங்கிய கம்பத்தை ரசிகர்கள் நாஷ்வில்லின் பிராட்வே தெரு வழியாகத் தூக்கிப்போய் கம்பர்லாந்து ஆற்றில் போட்டார்கள். கிட்டத்தட்ட மூன்று மைல்! பாதி வழியில்கூட யாருக்கும் "எதுக்குப்பா இது?" என்று தோன்றவில்லை போல. ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கியதற்குக் கல்லூரிக்கு 1 லட்சம் டாலர் அபராதம் வேறு.

சரி, அதற்கு முன்னும் பின்னும்?

மூன்று வாரம் முன்புதான் வாண்டர்பில்ட் அணியினர் ஜார்ஜியா ஸ்டேட் என்ற சின்ன அணியிடம் தோற்றிருந்தார்கள். முந்தைய வருடம் 12 ஆட்டத்தில் 2 வெற்றி. இந்த சீசனும் முடிவில் 7 வெற்றி, 6 தோல்வி. அட்டவணையில் பார்த்தால் கண்ணில்கூடப் படாத வருடம்.

ஆனால் ஒரு சீசனை அட்டவணையாக யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? ஒரு சனிக்கிழமையாகத்தான் வைத்திருக்கிறோம்.

ஜூனியர் காலேஜில் (இரண்டு வருடக் கல்லூரி) ஆடத் தொடங்கிய டியாகோ பவீயா, வாண்டர்பில்ட்டின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்), 2025இல் 10 வெற்றி வாங்கிக் கொடுத்தார். அந்தக் கல்லூரிக்கு அது முதல்முறை. பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. எனக்குப் பிடித்தது என்னவோ அந்த 7-6.