இடது வாலுக்கு ஒரு தாள் தடிமன்

நேற்றுக் காலை ஏழு மணிக்கு முன்னால் என் கிளைடர், அதாவது எஞ்சின் இல்லாமல் உண்டிவில்லால் ஏவும் சின்ன மர விமானம், 38 நொடி காற்றில் நின்றது. மூன்று வாரமாக 12 நொடியைத் தாண்டாத அதே கிளைடர். பனைமரத்துக்கு மேல் ஏறி, உச்சியில் வலது சாய்வை விட்டு இடதுபக்கம் மெல்லப் புரண்டு, பெரிய வட்டமாகச் சுற்றிக்கொண்டே இறங்கியது. நான் கை தட்டிக்கொண்டே கொரங்காடு, அதாவது எங்கள் மேய்ச்சல் நிலம், முழுக்க ஓடினேன்.

அளவுகள்: இறக்கை 300 மி.மீ., நடுவில் அகலம் 75. மரம் மூன்று மி.மீ. பால்சா, மிக லேசானது. நுனிகள் ஒவ்வொன்றும் 28 மி.மீ. தூக்கல். இறக்கைக்கும் வாலுக்கும் கோண வித்தியாசம் பூஜ்யம். எடை மையம் இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அகலத்தில் 55 சதவீதத்தில். மூக்கில் வைத்த களிமண்ணோடு சேர்த்து 7.8 கிராம். உண்டிவில்லுக்கு 150 மி.மீ. குச்சி, 6 மி.மீ. அகல ரப்பரில் 230 மி.மீ. வளையம்.

ஏற்றம் எனக்கு முதல் வாரத்திலேயே கைவந்துவிட்டது. சிக்கல் எல்லாம் உச்சியில்தான். வலதுபக்கம் சாய்த்து விட்டால் வலதாகவே ஏறும். மேலே போனதும் இடது வட்டத்துக்கு மாற வேண்டும். என்னுடையது மாறவில்லை. மேலே போய் நின்று, மூக்கைக் கவிழ்த்து, நேராகக் கீழே. காங்கேயம் பக்கத்துக் கொரங்காட்டில் கொழுக்கட்டைப்புல் மெத்தை மாதிரி இருப்பதால் மூக்கு மட்டும் தப்பியது. இரண்டு தடவை வெள்வேல மரத்தில் மாட்டி இறக்கை கிழிந்தது. அப்புச்சி தினமும் மாட்டை அவிழ்த்து விட வரும்போது, "ஏங்கண்ணு, இன்னைக்காச்சும் திரும்புச்சா?" என்று கேட்பார்.

நான் பிடித்த தப்பான வழி, சுக்கானை (வாலில் செங்குத்தாக நிற்கும் துண்டை) இடதுபக்கம் ஒடிப்பது, அதாவது லேசாக வளைத்துத் திருப்புவது. அரை மி.மீ. ஒடித்தால் போதும், ரப்பரை விட்டதும் இடதுபக்கம் உருண்டு தரையில் குத்தும். ஒடிப்பைக் குறைத்தால் ஏற்றம் அழகாக இருக்கும், ஆனால் மிதக்கும்போது திரும்பாது. இரண்டு வாரம் இதற்கு நடுவில் ஒரு அளவு இருக்கும் என்று தேடினேன். இல்லை. காரணம் கணக்கில் இருக்கிறது. ரப்பர் விடும் வேகம் மிதக்கும் வேகத்தைப் போல் 5 மடங்கு என்றால், சுக்கானின் தள்ளல் 25 மடங்கு. மிதக்கும்போது திருப்பப் போதுமான ஒடிப்பு, ஏறும்போது கவிழ்க்கத்தான் செய்யும்.

வால் இறக்கையை, அதாவது வாலில் கிடையாக இருக்கும் சின்ன இறக்கையை, சாய்த்தால் கதை வேறு. இடது நுனி உயர்ந்திருந்தால் வாலின் தூக்குவிசை வலதுபக்கம் சாயும், வால் வலதுக்குப் போகும், மூக்கு இடதுக்குத் திரும்பும். கோணம் பூஜ்யம் என்பதால் ஏறும்போது வால் காற்றை நேராகக் கிழித்துக்கொண்டு போகிறது, அதில் தூக்கு அதிகம் இல்லை. மிதக்கும்போதுதான் வால் சுமை ஏற்கிறது, சாய்வும் அப்போதுதான் வேலை செய்கிறது. நமக்கு வேண்டியது அப்படியே இதுதான்.

என் வால் 100 மி.மீ., உடல்குச்சி 3 மி.மீ. தடிமன். நுனிக்கு நுனி 4 மி.மீ. வித்தியாசம் வேண்டுமென்றால் குச்சியின் மேல்விளிம்பில் 0.12 மி.மீ. சரிவு. உப்புத்தாளில் தேய்த்து அந்த அளவைப் பிடிக்க என் கைக்கு வரவில்லை. மூன்று குச்சிகள் போயின. அப்புறம்தான் ஏ4 தாள் ஞாபகம் வந்தது, அது சுமார் 0.1 மி.மீ. ஒரு மி.மீ. அகலத்தில் கீற்று வெட்டி, குச்சியின் இடது ஓரத்தில் ஒட்டி, அதன்மேல் வாலை இரண்டு சொட்டு பெவிகாலில் தற்காலிகமாக வைத்தேன். நாள்காட்டித் தாள் இதற்கு ஆகாது, மெலிசு. ஒரு கீற்றில் வட்டம் மிக அகலம், வேலி தாண்டிப் போனது. இரண்டு கீற்றில் வட்டம் சுருங்கி, சுழன்று கீழே வந்தது. ஒரு கீற்று, கூடவே வலது ஓரத்தில் 400 நம்பர் உப்புத்தாளால் நாலே இழுப்பு. தட்டையான மேசையில் வைத்து அளந்தால் நுனிக்கு நுனி வித்தியாசம் 4.5 மி.மீ. அதுதான் 38 நொடி.

இடது இறக்கையின் பின்விளிம்பை ஒரு மி.மீ. கீழே முறுக்கியும் இருக்கிறேன், வட்டத்தில் உள்பக்கம் சரிந்து விழாமல் இருக்க. வாயால் ஊதி ஈரமாக்கி முறுக்குவதுதான் வழக்கம். தைப் பனியில் அந்த முறுக்கு நிற்பதில்லை. விடிகாலையில் சரியாக இருப்பது எட்டு மணி வெயிலில் நிமிர்ந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு தடவையும் விடுவதற்கு முன் பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறேன்.

பால்சா பற்றி ஒரு வார்த்தை. தபாலில் வரவழைத்த ஒரே கட்டில், ஒரே அளவுப் பலகைகள் 30 கிராமும் இருந்தன, 51 கிராமும் இருந்தன. எடை பார்த்துக் கொடுங்கள் என்று எழுதிக் கேட்டும் பயனில்லை. நகை எடை போடும் சின்னத் தராசு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். லேசானதில் மீன் செதில் புள்ளி தெரியும் பலகையை வால் இறக்கைக்கு ஒதுக்குங்கள், அது வளையாது. ரப்பருக்குத் திருப்பூர் பனியன் எலாஸ்டிக்கைச் சோதித்தேன். நூல் சுற்றியிருப்பதால் இரண்டு மடங்குக்கு மேல் நீளவில்லை. வெறும் ரப்பர்தான் சரி, அதையும் வெயிலில் போடக் கூடாது.

அடுத்தது 450 மி.மீ. இறக்கை. அதற்கு, பறக்கும்போதே வாலைத் தூக்கிவிட்டுக் கிளைடரைக் கீழே இறக்கும் ஏற்பாடு கட்டாயம் வேண்டும். சித்திரை வெயிலில் மேலே எழும் ஒரு வெப்பக்காற்று பிடித்தால் வண்டி தாராபுரம் பக்கம் போய்விடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் காற்று வந்தால் பறக்க விடவே முடியாது. தூரத்துக் காற்றாலை இறக்கை நிற்கும் நேரம்தான் நமக்கு நேரம். உடல்குச்சிக்கு இப்போதே மரம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கிளைடருக்கு இன்னும் சீலர் (மரத்தில் ஈரம் ஏறாமல் தடுக்கும் பூச்சு) அடிக்கவில்லை. அடித்தால் முறுக்கு நிற்கும், ஆனால் அரை கிராம் ஏறும், மூக்குக் களிமண்ணை மறுபடி பார்க்க வேண்டிவரும். வாலும் இன்னும் அந்த இரண்டு சொட்டு பெவிகாலில்தான் நிற்கிறது.