வற்றினால்தான் செழிக்கும் சதுப்பு

அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டா மாநிலத்தில் ஏப்ரல் கடைசியில் காரில் போகிறவர்கள், கோதுமைக்கும் சோயாவுக்கும் உழவு தொடங்காத வயல்களின் நடுவே வட்ட வட்டமாகத் தண்ணீர் தேங்கி நிற்பதைப் பார்க்கலாம். மண் உறைந்து கிடக்கும்போதே மேலே பனி உருகிவிடுவதால், உள்ளே இறங்க வழியில்லாத நீர் அருகிலிருக்கும் பள்ளத்தில் போய்ச் சேர்கிறது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர் பனிப்பாறைகள் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற பள்ளங்கள் இவை. கனடாவின் ஆல்பர்ட்டாவிலிருந்து அமெரிக்காவின் அயோவா வரை, ஏறத்தாழ 7 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் இத்தகைய குட்டைகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தவை, வசந்தத்தில் நிரம்பிக் கோடையின் நடுவில் வற்றிவிடும் பருவக் குட்டைகள். ஆகஸ்டில் அதே சாலையில் போகிறவருக்கு அங்கே ஒரு நீர்நிலை இருந்ததென்றே தோன்றாது. வயலுக்குள் ஏதோ புல் மண்டிய பள்ளம் என்று நினைத்துக் கடந்துவிடுவார்.

அந்தப் புல்லை உற்றுப் பார்த்தால், நீர் எதுவரை ஏறி நின்றது, எத்தனை காலம் நின்றது என்பதையெல்லாம் ஒரு பதிவேட்டைப் போல அதிலிருந்து படித்துவிடலாம். வெளி விளிம்பில் சில நாட்கள் மட்டுமே ஈரம் காணும் தாழ்புல்வெளி. அதற்கு உள்ளே சில வாரங்கள் நீர் நிற்கும் ஈரப்புல்வெளி. மெல்லிய கோரைகளும், ஆளின் தோளுயரம் வளரும் பிரெய்ரி கார்ட்கிராஸும், வெயிலில் பளபளக்கும் கதிர்களையுடைய நரிவால் பார்லியும் அங்கே இடம்பிடிக்கின்றன. நடுவில், இரண்டு மூன்று மாதங்கள் நீர் தங்கும் ஆழமற்ற சதுப்பில், ஸ்லூ கோரையும் வெண்தலைப்புல்லும் அடர்ந்து நிற்கும். வெண்தலைப்புல் நல்ல தீவனம் என்பதால், குட்டை வற்றிய ஆண்டுகளில் பண்ணைக்காரர்கள் அதை வைக்கோலுக்காக அறுத்துக்கொள்வதுண்டு. ராபர்ட் ஸ்டூவர்ட்டும் ஹரால்ட் கான்ட்ரட்டும் 1971-இல் வெளியிட்ட வகைப்பாடு இந்த வளையங்களையே அடிப்படையாகக் கொண்டது. நடுவளையத்தில் எது வளர்கிறது என்பதைக் கொண்டு குட்டையின் வகையைச் சொல்லிவிடலாம் என்பது அவர்களுடைய முறை; நீர் இல்லாத நாளிலும் நீர்நிலையை அடையாளம் காணலாம் என்பதால், இத்துறையில் இவ்வளவு பயனுள்ள வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

இந்த வளையங்களில் நான் குனிந்து பார்க்கத் தவறாத செடி, நம்மூர் ஆற்றலரிக்கு உறவான வாட்டர் ஸ்மார்ட்வீட். நீர் நிற்கும்போது அதன் இலைகள் தோல்போல வழுவழுப்பாக மேற்பரப்பில் மிதக்கும். நீர் இறங்கியதும் அதே செடி தண்டை நிமிர்த்தி, மயிரடர்ந்த, கூர்மையான இலைகளை விடத் தொடங்கும். ஒரே தண்டின் அடியில் மிதவை இலையும் நுனியில் தரையிலையும் இருப்பதை ஜூலையில் கையில் எடுத்துப் பார்க்கலாம். முன்பு இவை இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்று கருதப்பட்டதில் வியப்பில்லை.

ஓராண்டுக்குள் நடப்பது இது. பல ஆண்டுகள் நீர் வற்றாத ஆழமான சதுப்புகளில் இதே கதை பெரிய அளவில் நடக்கிறது. அயோவாவின் ஈகிள் ஏரியை ஆராய்ந்த ஆர்னல்ட் வான் டெர் வால்க்கும் கிரெய்க் டேவிஸும் 1978-இல் விளக்கிய சுழற்சியில் நான்கு கட்டங்கள் உண்டு. வறட்சியில் அடிச்சேறு வெளிப்படுகிறது. மேல் ஐந்து சென்டிமீட்டர் மண்ணில், ஒரு சதுர மீட்டருக்கு 20,000-க்கும் மேலான எண்ணிக்கையில் உறங்கும் விதைகள் அப்போதுதான் முளைக்கின்றன. சம்பும் பெருங்கோரையும் வளர்ந்து நிற்கும் செடிகளாக நீரைத் தாங்குமே தவிர, அவற்றின் நாற்றுகளுக்கு வெளிச்சமும் திறந்த சேறும் வேண்டும். மழை திரும்பியதும் ஓராண்டுச் செடிகள் மூழ்கி மடிய, சம்பும் கோரையும் பரவுகின்றன. பிறகு ஆழமும் மஸ்க்ராட் எனும் நீரெலிகளின் பசியும் சேர்ந்து அவற்றை அழித்துத் திறந்த நீராக்கிவிடுகின்றன. அடுத்த வறட்சி வரும்வரை சதுப்பு ஏரியாகக் கிடக்கும்.

எனவே, நீர்மட்டத்தைச் சீராக வைத்திருப்பதுதான் சதுப்பைக் காப்பது என்ற எண்ணம், நல்லெண்ணத்தில் பிறந்ததென்றாலும், இங்கே கேடாகவே முடிகிறது. கனடாவின் மனிடோபா ஏரியின் மட்டம் 1961-இல் ஃபேர்ஃபோர்டு அணையால் கட்டுப்படுத்தப்பட்ட பிறகு, அதன் தென்கரையிலுள்ள டெல்டா சதுப்பு ஏற்றத்தாழ்வை இழந்தது; பல்வகைத் தாவரங்கள் இருந்த இடங்களில் கலப்பினச் சம்பு ஆக்கிரமித்துக்கொண்டது. அகன்ற இலைச் சம்பும் குறுகிய இலைச் சம்பும் கலந்து பிறந்த இந்தச் செடி, பெற்றோர் இரண்டையும்விட ஆழத்தில் நிற்கக்கூடியது. காய்ந்து விழும் அதன் சருகுப் படுகை தடித்துக்கொண்டே போவதால், அடியிலிருக்கும் விதைகளுக்கு வெளிச்சமே எட்டுவதில்லை.

வடிகால் வெட்டிக் குட்டையையே வயலாக்குவது இதைவிட நேரடியான அழிவு. 1780-களுக்கும் 1980-களுக்கும் இடையில் அயோவா தன் ஈரநிலங்களில் சுமார் 89 விழுக்காட்டை இழந்தது. வடக்கு டக்கோட்டா ஏறக்குறையப் பாதியை இழந்தது. ஆறுகளோடு தொடர்பில்லாமல் தனித்துக் கிடக்கும் குட்டைகளுக்கு அமெரிக்க மத்தியச் சட்டத்தின் பாதுகாப்பு, சாக்கெட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023-இல் அளித்த தீர்ப்புக்குப் பின் இன்னும் குறைந்துவிட்டது. தரைமேல் ஓடை இல்லை என்பதற்காக, நிலத்தடிக்கு நீர் ஊட்டும் ஒரு குட்டையைத் தொடர்பற்றது என்று சொல்வது எனக்கு விசித்திரமாகத்தான் படுகிறது.

வடிகாலை உடைத்து மீண்டும் நீர் நிறுத்தினால் எல்லாம் திரும்பிவிடும் என்று ஒருகாலத்தில் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் பாதி உண்மை. சம்பும் நீருக்கடியில் வளரும் செடிகளும், விதை காற்றில் பறந்தோ வாத்துகளோடு பயணித்தோ வருவதால், சில ஆண்டுகளிலேயே திரும்பிவிடுகின்றன. ஈரப்புல்வெளியின் கோரைகள் திரும்புவதில்லை. சூசன் கலடோவிட்ஷும் வான் டெர் வால்க்கும் அயோவாவில் மீட்கப்பட்ட குட்டைகளை இயற்கையானவற்றோடு ஒப்பிட்டுக் கண்டது இதைத்தான். மண்ணிலுள்ள விதைச் சேமிப்பு, வடிகால் வெட்டிய காலம் நீள நீள மெலிந்துகொண்டே போகிறது. கோரை விதைகள் தொலைவு பயணிப்பதும் அரிது. காலியான அந்த வளையத்தில் ரீட் கேனரி புல் முந்திக்கொண்டு வேரூன்றிவிட்டால், அதன்பின் கோரைக்கு இடமில்லை. ஆகவே, குட்டையை மீட்பவர்கள் முதல் ஆண்டிலேயே கோரை நாற்றுகளை அந்த விளிம்பில் கையால் நட்டாக வேண்டும். செலவைக் காரணம் காட்டி இந்த வேலையைத்தான் பெரும்பாலும் தள்ளிப்போடுகிறார்கள்.