சர்வர் மாற்றுகிறோம் என்று மெயில் வந்தால்

நம் இணையதளத்தைத் தன் சர்வரில் வைத்து ஓட்டித் தரும் ஹோஸ்டிங் கம்பெனி அனுப்பும் மெயிலில் பாதிக்கு மேல் விளம்பரம். அதனால் எதையும் திறக்காமல் தள்ளிவிடும் பழக்கம் நம்மில் நிறைய பேருக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தக் குவியலுக்குள்தான் "உங்கள் சர்வரில் பிஎச்பி பதிப்பு இந்தத் தேதியில் மாறுகிறது", "உங்கள் கணக்கு புதிய சர்வருக்குப் போகிறது" என்று இரண்டு வரி வந்து கிடக்கும். (பிஎச்பி என்பது தளத்தின் பக்கங்களை ஓட்டுகிற நிரல்மொழி.) வேலூரில் உட்கார்ந்துகொண்டு லாட்ஜ், ஸ்கேன் சென்டர், ராணிப்பேட்டை தோல் கம்பெனி, ஆரணி பட்டுக் கடை, பள்ளிக்கூடம் என்று சின்னச் சின்ன தளங்களைச் செய்து கொடுப்பதும், செய்ததைப் பார்த்துக்கொள்வதும்தான் என் பிழைப்பு. தளம் விழுந்துவிட்டது என்று எனக்கு வந்த ஃபோன்களில் ஹேக் ஆன கதை கொஞ்சம்தான். பெரும்பாலானவை அந்த இரண்டு வரியை யாரும் படிக்காததால் வந்தவை. அந்த மெயில் வந்த நாளிலேயே நம் வேலை தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டால் முக்கால்வாசி தொந்தரவு குறையும், இது நான் நிச்சயமாகச் சொல்லக்கூடியது.

மெயிலில் முதலில் நேரத்தைப் பாருங்கள். யூடிசி என்ற உலகப் பொது நேரக் கணக்கில் போட்டிருப்பார்கள், அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம். அமெரிக்க கம்பெனி என்றால் அவர்கள் கிழக்குக் கரையில் ஆள் நடமாட்டம் இல்லாத நடுராத்திரியில் வேலையை வைப்பார்கள். அது இங்கே கோடையில் காலை ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. சிஎம்சி ஆஸ்பத்திரி ஓபியில் கூட்டம் நெரிகிற நேரம், காந்தி ரோடு, பாபு ராவ் தெரு லாட்ஜ்களுக்கு ரூம் கேட்டு விசாரணை வருகிற நேரம். கொல்கத்தாவிலோ டாக்காவிலோ நோயாளியைக் கூட்டிக்கொண்டு கிளம்பும் முன்பு, காட்பாடியில் இறங்கினால் எங்கே தங்குவது என்று ஒருவர் மொபைலில் தேடிக்கொண்டிருப்பார். அவருக்கு அந்தப் பக்கம் திறக்கவில்லை என்றால் ஸ்டேஷன் வாசலில் யார் பெட்டியைப் பிடுங்குகிறார்களோ அவர் பின்னால் போக வேண்டியதுதான். பத்துப் பன்னிரண்டு அறை உள்ள லாட்ஜின் தளம்தானே என்று நான் அலட்சியமாக இருக்காததற்கு இதுதான் காரணம். விபிஎஸ், அதாவது நமக்கென்று தனியாகப் பிரித்துத் தந்த சர்வர், வைத்திருந்தால் சப்போர்ட்டில் டிக்கெட் போட்டு நேரத்தை மாற்றித் தரக் கேட்கலாம், பல சமயம் தருவார்கள். பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் அது நடக்காது, ஆனால் லாட்ஜ்காரரிடம் முந்தின நாளே சொல்லி வைக்கலாம் இல்லையா.

சரி, பிஎச்பிக்கு வருவோம். 7.4-க்கான ஆதரவு 2022 நவம்பர் 28-இல் முடிந்தது, 8.0-க்கு 2023 நவம்பர் 26, 8.1-க்கு 2025 டிசம்பர் 31. அதற்கு அப்புறம் ஒரு ஓட்டை தெரியவந்தால் அந்தத் திட்டத்தார் அடைத்துத் தரமாட்டார்கள். கம்பெனிகள் பழையதைக் கழற்றுவதில் நியாயம் இருக்கிறது, அதற்காகச் சண்டை போட்டுப் பயனில்லை. 2024 ஜூன் 30-உடன் சென்டோஸ் 7 என்ற சர்வர் இயங்குதளத்தின் காலம் முடிந்து, நிறைய கம்பெனிகள் ஆல்மாலினக்ஸுக்குப் போனபோது இயங்குதளம், பிஎச்பி, டேட்டாபேஸ் எல்லாம் சேர்ந்து ஒரே ராத்திரியில் ஏறிவிட்டன. எது உடைத்தது என்று பிரித்துப் பார்க்கவே முடியாத நிலை அது.

ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சி-பேனல் இருந்தால் மல்டிபிஎச்பி மேனேஜரைத் திறங்கள். டொமைனுக்கு (தளத்தின் முகவரிக்கு) எதிரே 'இன்ஹெரிட்' என்று இருந்தால், சர்வரின் பொதுப் பதிப்பு மாறுகிற அன்று உங்கள் தளமும் கேட்காமல் மாறும். முதலில் இப்போது ஓடுகிற பதிப்பையே தேர்ந்தெடுத்து நிறுத்திவைத்துவிட்டு, ஒரு சப்டொமைனில், அதாவது அதே முகவரியின் கீழ் ஒரு துணை முகவரியில், தளத்தின் நகலைப் போட்டு, கூகுள் எடுத்துக்கொண்டு போகாதபடி பாஸ்வேர்ட் பூட்டி, அங்கே புதிய பதிப்பை ஏற்றிப் பாருங்கள். வெள்ளைப் பக்கம் வந்தால் பிழைகள் பதிவாகும் எரர் லாக் ஃபைலின் கடைசி வரிகளைப் படித்தாலே போதும், மாட்டுகிறவை எல்லாம் தெரிந்த முகங்கள்தான். டேட்டாபேஸோடு இணைக்கும் மைஎஸ்க்யூஎல்_கனெக்ட் வகையறா 7.0-லேயே போய்விட்டது, பட்டியலை ஒவ்வொன்றாக எடுக்கும் 'ஈச்' 8.0-இல் போனது. மதிப்பே இல்லாத ஒன்றுக்கு எண்ணிக்கை கேட்கும் 'கவுண்ட்' போட்டால் முன்பு பேசாமல் பூஜ்யம் தந்தது, 7.2-இல் எச்சரித்தது, 8-இல் பக்கத்தையே நிறுத்துகிறது. இவை எல்லாம் சத்தம் போடுகிற பிழைகள் என்பதால் பரவாயில்லை.

சத்தம் போடாததுதான் எனக்குக் கவலை. ஒரு ஸ்கேன் சென்டரின் கட்டணப் பட்டியலில், கட்டணம் பூஜ்யத்துக்குச் சமமாக இருந்தால் 'நேரில் கேட்கவும்' என்று காட்டச் சொல்லி யாரோ எப்போதோ எழுதிய வரி ஒன்று இருந்தது. காலியாக விட்ட கட்டத்தையும் பழைய பிஎச்பி பூஜ்யம் என்றே எடுத்துக்கொண்டது. 8-இல் காலிச் சரம் (எழுத்தே இல்லாத மதிப்பு) பூஜ்யத்துக்குச் சமம் இல்லை. எரர் எதுவும் வராது, லாகில் ஒரு வரி விழாது, 'ரூ.' என்று மட்டும் எழுதி எதிரே வெறுமையாக நிற்கும். பார்க்கிறவர்கள் சிலருக்கு அது இலவசம் என்று தோன்றலாம். அதனால் பதிப்பு மாற்றியதும் முகப்பு திறக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். உள்ளே போய், பணம், தேதி, காலிக் கட்டம் உள்ள பக்கங்களைக் கண்ணால் பாருங்கள்.

அடுத்தது தமிழ். ஆங்கிலத்தில் தளம் செய்கிறவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது, அதனால் அவர்கள் எழுதும் வழிகாட்டிகளில் இது இருக்காது. எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 'கொ' நமக்கு ஓர் எழுத்து, உள்ளே ககரம் ஒன்றும் ஒகரக் குறி ஒன்றுமாக 6 பைட். ஒரு பள்ளிக்கூடத்தின் தளத்தில் அறிவிப்புகளின் முதல் 100 எழுத்தை முகப்பில் காட்ட, சரத்தை வெட்டித் தரும் சாதாரண 'சப்ஸ்டர்' கட்டளையைப் போட்டிருந்தார்கள். அது எழுத்தை எண்ணாது, பைட்டைத்தான் எண்ணும். ஆங்கில அறிவிப்புகள் ஒழுங்காக வரும், தமிழ் அறிவிப்பில் சிலது வரும், சிலது மொத்தமாகக் காணாமல் போகும். இடையில் எத்தனை இடைவெளி, எத்தனை எண் இருக்கிறது என்பதைப் பொறுத்து வெட்டு சில நேரம் எழுத்தின் நடுவில் விழுகிறது, உடைந்த பைட்டைப் பார்த்ததும், பக்கத்தில் காட்டும் முன் எழுத்துகளைப் பாதுகாப்பாக மாற்றும் 'எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ்' முழுச் சரத்தையும் காலியாகத் திருப்பிவிடுகிறது. 8.1-லிருந்து அது மாறி, உடைந்த இடத்தில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் வருகிறது. ஹெட்மாஸ்டர் அதுவரை தமிழ் ஃபான்ட் சரியில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தார். 'எம்பி_சப்ஸ்டர்' போட்டால் பைட் உடையாது, ஆனால் 'கொ'வில் பாதி வெட்டி 'க' என்று நிறுத்தலாம். 'கிராஃபீம்_சப்ஸ்டர்' போட்டால்தான் நாம் எழுத்து என்று எதைச் சொல்கிறோமோ அதை வெட்டாது. அதற்கு பிஎச்பியோடு சேர்க்கும் 'இன்டிஎல்' எக்ஸ்டென்ஷன் வேண்டும், புது சர்வரில் அது இருக்கிறதா என்பதை மாறும் முன்பே பார்த்துவிடுங்கள்.

டேட்டாபேஸை நகர்த்தும்போது இன்னொன்று. பழைய தளங்களில் டேபிள் லத்தீன்-1 என்ற பழைய ஐரோப்பிய எழுத்துமுறையில் இருக்கும், அதற்குள் யூடிஎஃப்-8 தமிழைத் திணித்திருப்பார்கள். எழுதுவதும் படிப்பதும் ஒரே தப்பான வழியில் நடப்பதால் தளத்தில் தமிழ் அழகாகத் தெரியும், டேட்டாபேஸைத் திறந்து காட்டும் பிஎச்பிமைஅட்மினில் பார்த்தால் மட்டும் குப்பை. புது சர்வரில் இணைப்பு யூடிஎஃப்8எம்பி4 (முழு யூடிஎஃப்-8) என்று ஆனதும் குப்பை தளத்துக்கே வந்துவிடும். தலையில் கோடு போட்ட 'ஏ' எழுத்து, பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட ரெஜிஸ்டர்ட் குறி, இப்படி வரிசையாக. லாட்ஜ் தளங்களில் தமிழ், வங்காளம், ஹிந்தி மூன்றும் இருப்பதால் இதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது: ரெஜிஸ்டர்ட் குறி வந்தால் அது தமிழ், சட்டப் பிரிவுக்குப் போடும் குறி வந்தால் வங்காளம், ஜப்பான் யென் குறி வந்தால் ஹிந்தி. ஒவ்வொரு மொழிக்கும் யூடிஎஃப்-8-இல் இரண்டாவது பைட் வேறு என்பதால் இப்படி. இந்த நிலையில் எழுத்துகள் இன்னும் பத்திரமாகத்தான் இருக்கின்றன, பயந்து எதையும் சேவ் செய்துவிடாதீர்கள். பழைய சர்வரில் லத்தீன்-1 என்றே சொல்லி டம்ப், அதாவது டேட்டாபேஸின் முழு நகல், எடுத்து, அந்த ஃபைலில் டேபிள் வரையறையிலும் இணைப்பு வரியிலும் லத்தீன்-1 என்று இருப்பதை யூடிஎஃப்8எம்பி4 என்று மாற்றி, புதிதாக ஏற்றினால் திரும்பி வந்துவிடும். வெறும் கேள்விக்குறிகளாக மாறிச் சேவ் ஆகியிருந்தால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது, பேக்கப்புக்குத்தான் போக வேண்டும்.

"இன்னா தம்பி, வெப்சைட்ல இருந்து ஒருத்தரும் ரூம் கேக்க மாட்றாங்களே" என்று ஒரு லாட்ஜ் முதலாளி கேட்டார். தளம் நன்றாகத்தான் இருந்தது, ஃபாரமும் 'நன்றி, தொடர்பு கொள்கிறோம்' என்றது. பிரச்சினை மெயிலில். வேறொருவர் செய்த அந்த ஃபாரம், நிரப்புகிறவரின் ஜிமெயில் முகவரியையே அனுப்புநர் இடத்தில் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தது. அனுப்புவது வேலூர் லாட்ஜின் சர்வர், பேர் மட்டும் ஜிமெயில் என்றால் வாங்குகிற இடத்தில் அதைப் போலி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் கெடுபிடியை ஏற்றிவிட்டன, மெயில் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் எல்லோருக்கும் வேண்டும், ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு அவை இரண்டும், பொருந்தாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கும் சேர்த்து. அனுப்புநர் இடத்தில் உங்கள் டொமைன் முகவரி, பதில் போக வேண்டிய இடத்தில் வாடிக்கையாளர் முகவரி, அனுப்புவது பாஸ்வேர்டோடு எஸ்எம்டிபி என்ற மெயில் அனுப்பும் முறை வழியாக. இவ்வளவுதான் மருந்து. எஸ்பிஎஃப் வரி ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். ஹோஸ்டிங்குக்கு ஒன்று, மெயில் சேவைக்கு ஒன்று என்று இரண்டு போட்டால் இரண்டுமே செல்லாது, ஒரே வரிக்குள் சேர்த்து எழுதுங்கள்.

டொமைனின் ரெக்கார்டுகளை வைத்திருக்கும் நேம்சர்வரை மாற்றும்போது, மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டை மறப்பதும் இந்த வகைதான். தோல் கம்பெனிக்குத் தளம் நாலு நாள் விழுந்தாலும் தாங்கும், வெளிநாட்டு பையரின் மெயில் ஒரு நாள் வராவிட்டால் ஷிப்மென்ட் நிற்கும். பழைய டிஎன்எஸ் ஸோனை, அதாவது அந்த ரெக்கார்டுகளின் பட்டியலை, ஒரு வரி விடாமல் நகலெடுத்து, புதிய இடத்தில் போட்ட பிறகுதான் நேம்சர்வரில் கை வைக்க வேண்டும். ஐபி (சர்வரின் எண் முகவரி) மட்டும் மாறுகிறது என்றால், பழைய ரெக்கார்டை மற்ற கம்ப்யூட்டர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டிடிஎல்லை முந்தின நாளே 300 விநாடிக்கு இறக்குங்கள். சி-பேனலில் வழக்கமாக அது 14400, அதாவது நாலு மணி நேரம். உங்கள் கம்ப்யூட்டருக்கு மட்டும் டொமைனின் ஐபியை எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் புது ஐபியைப் போட்டுத் தளத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் மாற்றுங்கள். பழைய கணக்கை அன்றைக்கே மூடிவிடாமல் கொஞ்ச நாள் ஓடவிடுங்கள், தாமதமாக வரும் மெயில் அங்கேதான் போய் விழும்.

தளத்தின் இணைப்பைப் பூட்டிப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் பற்றிச் சுருக்கமாக. சான்றிதழ்களின் ஆயுள் குறைந்துகொண்டே வருகிறது. 2026 மார்ச் 15 முதல் அதிகபட்சம் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் முன்பு அனுப்பிய காலாவதி எச்சரிக்கை மெயிலை 2025 ஜூனிலேயே நிறுத்திவிட்டது. கையால் புதுப்பிக்கிற தளம் ஒன்று இருந்தாலும் இப்போதே தானியங்கிக்கு மாற்றிவிடுங்கள்.

பேக்கப்பில் மட்டும் ஹோஸ்டிங் கம்பெனியை முழுதாக நம்புவதை நான் ஏற்கமாட்டேன். 2021 மார்ச் 10-இல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் கம்பெனியின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்ததால் இரண்டையும் சேர்த்து இழந்தவர்கள் உண்டு. வேறு கம்பெனியில் ஒரு பிரதி, நம் கையில் ஒரு ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி. மாதம் ஒரு முறையாவது அதைத் திறந்து ஒரு காலி சப்டொமைனில் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் வைப்பதில்லை.

இந்த ஊர்ப் பக்கம் நான் அதிகம் வருத்தப்படுகிற விஷயம் வேறு. டொமைன் யார் பேரில் இருக்கிறது என்று கேட்டால் முக்கால்வாசி கடைக்காரர்களுக்குத் தெரியாது. செய்து கொடுத்த பையன் தன் பேரிலேயே பதிந்திருப்பான், காலேஜ் முடித்து பெங்களூருக்கோ சென்னைக்கோ போயிருப்பான், நம்பர் மாறியிருக்கும், புதுப்பிக்கச் சொல்லி வரும் மெயில் எல்லாம் அவனுடைய பழைய முகவரிக்குப் போகும். டாட் காம் காலாவதியானால் டொமைனைப் பதிந்து தரும் ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்துச் சில வாரம் சாதாரண விலையில் மீட்கலாம். அதற்கு அப்புறம் 30 நாள் அபராதத்தோடு, அதையும் விட்டால் 5 நாளில் அது யாருக்கு வேண்டுமானாலும் கிடைக்கும். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது 'வேலூர் மாவட்டம்' என்பதை 'ராணிப்பேட்டை மாவட்டம்' என்று மாற்ற வேண்டும் என்று எத்தனையோ பேர் வந்தார்கள். ஒரே ஒரு வரி மாற்றம்தான், ஆனால் லாகின் யாரிடம் இருக்கிறது என்று தேடுவதிலேயே சிலருக்கு மாதக்கணக்காக ஓடியது.

நான் இப்போது தளத்தை ஒப்படைக்கும்போது ஒரு தாளையும் சேர்த்துக் கொடுக்கிறேன். டொமைன் முதலாளியின் பேரில், அவருடைய சொந்த மெயிலில், அவருடைய ஃபோன் நம்பரில் பதிந்திருக்கும். ரெஜிஸ்ட்ரார் யார், ஹோஸ்டிங் யார், எந்தத் தேதியில் எவ்வளவு கட்ட வேண்டும், முதல் வருஷச் சலுகை முடிந்ததும் வருகிற உண்மையான விலை 18 சதவீத ஜிஎஸ்டியோடு எவ்வளவு, பிஎச்பி எந்தப் பதிப்பு, அதன் ஆதரவு என்றைக்கு முடிகிறது, இவை எல்லாம் தமிழில் எழுதியிருக்கும். வருஷப் பராமரிப்புக் கட்டணத்தையும் அதிலேயே போட்டுவிடுகிறேன். ஆரம்பத்தில் "தளம்தான் முடிஞ்சிடுச்சே, இது எதுக்கு சார்" என்று கேட்பார்கள். தேதிகளை ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் சாமி படத்துக்குக் கீழே அந்தத் தாளை ஒட்டி வைத்திருக்கும் பட்டுக் கடைக்காரர் ஒருவர் ஆரணியில் இருக்கிறார், புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே அவரே ஃபோன் செய்துவிடுவார்.