தாந்தேயின் படகும் நாலு சொட்டுத் தண்ணீரும்

தண்ணீரில் கிடக்கும் ஒருவன் படகின் விளிம்பைப் பல்லால் கடித்துப் பிடித்திருக்கிறான். பிரெஞ்சு ஓவியர் டெலாக்ருவா 1822-இல் வரைந்த 'தாந்தேயின் படகு' ஓவியத்தில் முதலில் என் கண்ணில் பட்டது அவன்தான், மேலே நிற்கிற தாந்தேயை அப்புறம்தான் பார்த்தேன்.

இத்தாலியக் கவிஞர் தாந்தே தன்னையே ஒரு பாத்திரமாக வைத்து எழுதிய 'டிவைன் காமெடி' என்ற நெடுங்கவிதையில் நரகப் பகுதியின் எட்டாம் காண்டத்தில் வரும் காட்சி இது. கோபத்தால் கெட்டவர்கள் புதைந்து கிடக்கும் ஸ்டிக்ஸ் என்ற சேற்று நீரை தாந்தேயும் அவருக்கு வழிகாட்டும் பழைய ரோமானியக் கவிஞர் வர்ஜிலும் கடக்கிறார்கள், ஃபிளேகியாஸ் படகோட்டுகிறான், தூரத்தில் டிஸ் என்ற நரக நகரம் எரிகிறது. கவிதையில் படகை வந்து பிடிப்பவன் ஒரே ஆள், ஃப்ளோரன்ஸ்காரன் பிலிப்போ அர்ஜென்தி. தாந்தேக்கு அவனை அடையாளம் தெரிந்துவிடுகிறது, இரக்கமே இல்லாமல் சபிக்கிறார், இவன் சேற்றில் அமுங்குவதைப் பார்க்க வேண்டும் என்றுகூடச் சொல்கிறார். ஓவியத்திலோ படகைச் சுற்றி ஒரு கூட்டமே மொய்க்கிறது, தாந்தே வலது கையை மேலே தூக்கித் தடுமாறுகிறார், இடது கையை வர்ஜில் பிடித்திருக்கிறார். கோபம் இருந்த இடத்தில் பயத்தை வைத்துவிட்டார் டெலாக்ருவா. எனக்கு இந்த தாந்தேயைத்தான் பிடித்திருக்கிறது.

வரைந்தபோது அவருக்கு 24 வயதுகூட ஆகவில்லை. பாரிஸ் சலோன் என்ற ஓவியக் கண்காட்சியில் அவர் காட்சிக்கு வைத்த முதல் பெரிய ஓவியம், அரசாங்கமே வாங்கிக்கொண்டது, இப்போது லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிற்காலத்தில் ஓவியர் மானே இதைப் பார்த்துப் பிரதி எடுத்திருக்கிறார்.

சரி, நான் சொல்ல வந்தது தண்ணீர்ச் சொட்டுகளைப் பற்றி. பெரிய அளவுப் படமாக எடுத்து, கீழே கிடக்கும் உடல்களைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். வயிற்றிலும் மார்பிலும் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு சொட்டும் சிவப்பு, பச்சை, மஞ்சள், வெள்ளை என்று தனித்தனித் தீற்றல், ஒன்றோடொன்று குழைக்காமல் அருகருகே வைத்தவை. முந்தைய காலத்து ஓவியர் ரூபென்ஸ் வரைந்த கடல் கன்னிகளின் உடலில் உள்ள துளிகளைப் பார்த்துத்தான் டெலாக்ருவா இதைக் கற்றுக்கொண்டார் என்பார்கள். கொஞ்சம் தள்ளி வந்தால் நான்கும் சேர்ந்து ஈரமாகப் பளபளக்கிறது. தாந்தேயின் உடையில் இவ்வளவு நுணுக்கம் எனக்குத் தெரியவில்லை, சபிக்கப்பட்டவர்களின் தோலில்தான் அவர் தூரிகை இத்தனை பொறுமையாக நின்றிருக்கிறது.