ஔலி: பனி பார்க்கப் போய் புல் பார்த்து வந்த கதை

முதலில் கொஞ்சம் திட்டிவிடுகிறேன், மலை அழகெல்லாம் அப்புறம். உத்தராகண்டின் ஜோஷிமட் என்கிற மலையூரிலிருந்து, அதற்கு மேலே இருக்கும் பனிச்சறுக்கு (ஸ்கீயிங்) இடமான ஔலிக்கு ரோடு வழியாகப் போனால் பதினாலு பதினஞ்சு கிலோமீட்டர். அதற்கு டாக்சிக்காரர் கேட்டது 2,500 ரூபாய். மச்சான் தனக்குத் தெரிந்த நாற்பது இந்தி வார்த்தைகளையும் செலவழித்து 1,800க்கு இறக்கினான். ஹரித்வாரிலிருந்து ஜோஷிமட் வரைக்கும், நாள் முழுக்க, எங்கள் இரண்டு பேருக்கும் ஆன பஸ் டிக்கெட்டே அவ்வளவு வரவில்லை! கேட்டால் ஒரே பதில்: "ரோப்வே பந்த் ஹை, பாய் சாப்." ரோப்வே மூடிக் கிடக்கிறதாம்.

அது உண்மைதான். ஊருக்குள்ளிருந்தே கிளம்பி நாலு கிலோமீட்டர் போல மேலே போகிற ரோப்வே ஒன்று இருக்கிறது. 2023 ஜனவரியில் ஜோஷிமட் மண்ணுக்குள் வேகமாக இறங்க ஆரம்பித்ததும் அதை நிறுத்தினார்கள். நாங்கள் போன 2025 ஜனவரி கடைசியிலும் அது அசையவில்லை. ஆக, மலை பிளந்ததற்கு டாக்சிக்காரரிடம் நான் வரி கட்டினேன், அவ்வளவுதான். போகிற வழியில் ஒரு வாடகைக் கடையில் நிறுத்தி, கம்பூட்ஸும் ரோஸ் கலர் ஓவரால் ஒன்றும் எடுத்தால்தான் வண்டி நகரும் என்பது மாதிரி நின்றுவிட்டார். ஆளுக்கு 500. மேலே எவ்வளவு பனி இருக்கிறது என்று கேட்டேன். "பஹுத்", நிறைய என்றார்.

பஸ்ஸைப் பற்றி ஒரு பத்தி எழுதாவிட்டால் மனசு ஆறாது. விடிகாலை ஐந்து மணி, கடைசி சீட், மூடாத ஜன்னல். தேவப்ரயாக், ருத்ரப்ரயாக், கர்ணப்ரயாக், நந்தப்ரயாக் என்று ஒவ்வொரு சங்கமமாகக் கடந்து போகிற அழகான பாதை என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நான் பார்த்தது பெரும்பாலும் புழுதி. ரோட்டை அகலப்படுத்த மலையை வெட்டியிருக்கிறார்கள், வெட்டின மண் சில இடங்களில் அப்படியே ஆற்றுப் பக்கம் சரிந்து கிடக்கிறது. எனக்கு முன்சீட்டில் ஒருவர் வழி முழுக்க வாந்தி. போகிறவர்கள் முன்பக்க சீட்டுக்குச் சண்டை போடுங்கள், வெட்கப்படாதீர்கள்.

ஜோஷிமட் சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெயரை 2024இல் ஜ்யோதிர்மட் என்று மாற்றிவிட்டார்கள், ஆனால் பஸ் கண்டக்டர் வரைக்கும் அந்தச் செய்தி வரவில்லை. நாங்கள் தங்கிய வீட்டில் ஒரு வயதான அம்மா, அவருடைய மகன். அறை வாடகை 900, வெந்நீர் வாளிக்கணக்கு. சாப்பாட்டை மட்டும் என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். மண்டுவா ரொட்டி, கஹத் தால், கடைசியில் ஜங்கோரா கீர் என்று அவர் சொல்லச் சொல்ல, ஏதோ புது உலகத்துச் சாப்பாடு என்று உட்கார்ந்தால், மண்டுவா நம்ம கேழ்வரகு, கஹத் நம்ம கொள்ளு, ஜங்கோரா நம்ம குதிரைவாலி! கொள்ளை ராத்திரி முழுக்க ஊறவைத்து அரைத்து, இரும்புச் சட்டியில் பூண்டும் மிளகாயும் போட்டுக் கெட்டியாகக் காய்ச்சியிருந்தார். அந்தக் குளிரில் உள்ளங்கால் வரைக்கும் சூடு இறங்கியது. மச்சான் ஆறு ரொட்டி. 180 ரூபாய்க்கு இப்படிச் சாப்பிட்டதே இல்லை.

கை கழுவப் போகும்போதுதான் சுவரைப் பார்த்தேன். ஜன்னலின் மூலையிலிருந்து ஒரு விரிசல் சாய்வாக இறங்கி வந்து இடுப்புயரத்தில் நிற்கிறது. அது நிற்கிற இடத்தில் பென்சிலால் குறுக்காக ஒரு கோடு, பக்கத்தில் தேதி. அதற்கு மேலே இன்னொரு கோடு, பழைய தேதி. அதற்கும் மேலே இன்னொன்று. நம் வீட்டில் பிள்ளைகளின் உயரத்தை நிலைக்கதவில் குறிப்போமே, அதே மாதிரி, ஆனால் கீழ்நோக்கி. "2023இல் அதிகாரிகள் ஆபத்து என்று சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி போட்ட வீடுகள் கைவிட்டுப் போன மாதிரிதான். இந்த வீட்டுக்குக் குறி விழவில்லை, அதனால் நாங்களே போட்டுக்கொள்கிறோம்" என்றார் மகன்.

ஊர் உட்கார்ந்திருப்பதே பழைய நிலச்சரிவு கொண்டுவந்து கொட்டிய மண்ணிலும் கல்லிலும்தான். இதை 1976இலேயே அரசு அமைத்த மிஸ்ரா குழு எழுதிக் கொடுத்தது: பாரமான கட்டடம் வேண்டாம், வெடி வைக்காதீர்கள், சரிவில் கல்லைத் தோண்டாதீர்கள், மரம் வெட்டாதீர்கள். அதற்கப்புறம் எழுந்த ஓட்டல்களில் இரண்டு, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்ததால் 2023 ஜனவரியில் இடிக்கப்பட்டன. அந்த அம்மா மேலே ஔலி பக்கம் கையைக் காட்டி, "அங்கே குளம் வெட்டித் தண்ணீர் தேக்கியிருக்கிறார்களே, அது எந்தப் பக்கம் ஊறும், சொல்லு பேட்டா?" என்றார். நான் என்னத்தைச் சொல்ல.

சரி, ஔலி. நந்தாதேவி, 7,816 மீட்டர், எதிரே அப்படியே நிற்கிறாள். அந்த ஒரு காட்சிக்கு 1,800 ரூபாய் தகும், சொல்லிவிடுகிறேன். ஆனால் கண்ணைக் கீழே இறக்கினால் காய்ந்த பழுப்புப் புல். அதன் நடுவில், பந்திப்பாய் விரித்த மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை. அதுதான் அன்றைய ஸ்கீயிங் தளம். பக்கத்துக் காட்டு நிழலில் கிடந்த பனியை இரண்டு பையன்கள் மண்வெட்டியால் அள்ளிக் கொண்டுவந்து பட்டையின் ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கீ, பூட்ஸ், கம்பு, ஒரு மணி நேரப் பாடம் எல்லாம் சேர்த்து 1,200. நானும் கொடுத்தேன். மூன்றாவது தடவை சறுக்கும்போது பட்டையை விட்டு வெளியே போய்ப் புல்லில் விழுந்தேன். எழுந்து பார்த்தால் ஸ்கீயின் ஓரம் புல்லை வேரோடு சீவி, உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு மண் தெரிகிறது. திரும்பிப் பார்த்தால் சரிவு முழுக்க அந்த மாதிரி காயங்கள், என்னுடையது புதுசு.

கற்றுக்கொடுத்தவர் அந்த ஊர்க்காரர், பேசக்கூடிய ஆள். இது வெறும் சரிவு இல்லை, புக்யால் என்றார். மலை உயரத்துப் புல்வெளி. குளிர்காலத்தில் பனி கம்பளி மாதிரி மூடிக்கொள்ளும், வேர் உறையாது. கோடையில் பூ, மூலிகை, ஆட்டு மந்தை. கம்பளி மெலிந்தால் வேருக்கும் குளிர், மேலே ஆள் சறுக்கினால் புல்லும் போச்சு, அடுத்த மழையில் மண்ணும் இறங்கிவிடும். ஔலிச் சரிவு 2,500இலிருந்து 3,000 மீட்டருக்குள்தான் இருக்கிறது. இமயமலையில் அது வாசல்படி உயரம். ஒரு டிகிரி ஏறினாலே பனியாக விழவேண்டியது மழையாக விழுகிற உயரம். 2011இல் இங்கே தெற்காசிய குளிர்கால விளையாட்டுப் போட்டி நடந்தது. அதற்காகச் செயற்கைப் பனி மெஷின்கள் வாங்கினார்கள், குளத்துத் தண்ணீர் அதற்குத்தான். "மெஷினுக்கும் குளிர் வேண்டுமே சார், பூஜ்யத்துக்குக் கீழே மூன்று நாலு டிகிரியாவது. அந்தக் குளிர் இருந்தால் மெஷின் எதற்கு?" என்று சிரித்தார். 2023இல் தேசியப் போட்டி பனி இல்லாமல் ரத்து, 2025 ஜனவரி 29இல் தொடங்க வேண்டியதும் தள்ளிப்போனது. இதை நான் கிளம்பும் முன்பே படித்திருந்தால் 20,000 ரூபாய் மிச்சம்.

என் கருத்தைக் கேட்டால், ஔலியில் ஸ்கீயிங்கை வளர்க்கிற பேச்சையே விட்டுவிடலாம். பனி விழுந்தால் ஊர்ப் பிள்ளைகள் சறுக்கட்டும், விழாவிட்டால் விடுங்கள். அந்த ஆசிரியர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள், எனக்கு வருஷத்தில் இரண்டு மாசச் சம்பளம் இதுதான்" என்றார். அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

மறுநாள் கோர்சன் புக்யாலுக்கு நடந்தோம், செலவு பூஜ்யம், மொத்தப் பயணத்தில் நல்ல நாள் அதுதான். தேவதாரு, ஓக் மரங்களுக்கு நடுவே மூன்று கிலோமீட்டர். ஓரிடத்தில் சருகுக்குள் என்னவோ கிளறுகிற சத்தம், பார்த்தால் மோனால்! மயிலையும் மீன்கொத்தியையும் ஒன்றாக அரைத்துப் பூசின மாதிரி ஒரு பறவை. அதே நேரம் கீழே ஸ்கீ சரிவிலிருந்து ஸ்பீக்கரில் பஞ்சாபிப் பாட்டு அடித்தது. பறவை விர்ரென்று பள்ளத்தில் இறங்கிப் போய்விட்டது. புக்யாலில் ராத்திரி தங்கக்கூடாது என்று உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் 2018இலேயே தடை போட்டிருக்கிறது. நாங்கள் பார்த்த இடத்தில் கல் அடுக்கி நெருப்பு மூட்டின கரியும் நூடுல்ஸ் கவரும் கிடந்தன. அதற்கு அடுத்த வருடம் தென்னாப்பிரிக்காவில் பெரும் தொழில் செய்த குப்தா குடும்பத்தின் கல்யாணங்கள் ஔலியில் நடந்ததும், சுற்றுச்சூழல் சேதத்துக்காக 3 கோடி ரூபாய் கட்டச் சொல்லி அதே நீதிமன்றம் உத்தரவிட்டதும் ஞாபகம் இருக்கலாம். நூடுல்ஸ் கவருக்கு யாரிடம் பணம் கேட்பது. நாங்கள் இரண்டு பை பொறுக்கிக்கொண்டு வந்தோம். குப்பைத்தொட்டி ஜோஷிமட்டில்தான் கிடைத்தது.

ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி கடைசியில், அந்த வீட்டு மகன் வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். ஔலி முழுக்க வெள்ளை. "இப்போது வாங்க பாய் சாப், முட்டிவரை பனி." ஜனவரி முழுக்க வராதது மொத்தமாக வந்து இறங்கியிருந்தது. 28ஆம் தேதி பத்ரிநாத்துக்கு அப்பால் மாணாவில் பனிச்சரிவு, ரோடு வேலைக்கு வந்த 54 பேர் மாட்டிக்கொண்டார்கள், 8 பேர் இறந்துபோனார்கள். செய்தி பார்த்ததும் எல்லாரும் பத்திரமா என்று கேட்டு எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. அம்மா நலம், வீடு பரவாயில்லை, பென்சில் கோட்டைத் தாண்டி விரல் அகலம் இறங்கியிருக்கிறது, புதுக் கோடு போட்டாயிற்று என்று.